காரமும் துவர்ப்பும்: சஸரக் 18, தாமஸ் எச். ஹேண்டி ஆகிய இரு ரை விஸ்கிகள்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், ஃபிராங்க்ஃபர்ட் நகரிலுள்ள பஃபலோ டிரேஸ் வடிசாலை, ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் ‘ஆன்டிக் கலெக்‌ஷன்’ என்ற பெயரில் சில அரிய விஸ்கிகளை வெளியிடுகிறது. அவற்றுள் ரை விஸ்கிகள் இரண்டு. 2000ஆம் ஆண்டின் முதல் வெளியீட்டிலேயே இடம்பெற்ற சஸரக் 18 ஒன்று. 2006இல் சேர்ந்த தாமஸ் எச். ஹேண்டி மற்றொன்று. இரண்டுமே எளிதில் கிடைப்பதில்லை. இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்டால், பீப்பாயில் முதிர்ந்த வயதைப் பார்த்தே பலர் முதலாவதைச் சொல்லிவிடுகிறார்கள். ரை என்ற தானியத்தை அறிய விரும்பும் ஒருவருக்கு அந்த விடை பொருந்தாது என்பதே என் கருத்து.

ரை என்பது கோதுமைக்கு நெருங்கிய உறவுடைய ஒரு குளிர்நிலத் தானியம். அமெரிக்கச் சட்டப்படி, ரை விஸ்கிக்கான தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் ரை இருக்க வேண்டும். வடித்த சாராயத்தை 62.5 சதவீதத்துக்கு மேற்படாத ஆல்கஹால் வலிமையில், உட்புறம் கருக்கப்பட்ட புதிய ஓக் பீப்பாயில் ஊற்ற வேண்டும். தானியம் தருவது கிராம்பையும் சோம்பையும் மிளகையும் நினைவூட்டும் காரம்; பீப்பாய் தருவது வெனிலா மணம், கருக்கிய சர்க்கரையின் இனிப்பு, அவற்றோடு துவர்ப்பு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள சமநிலையை எந்தப் புள்ளியில் நிறுத்துவது என்பதில்தான் இந்த இரு விஸ்கிகளும் பிரிகின்றன.

ஹேண்டி ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் மட்டுமே பீப்பாயில் இருக்கிறது. நீர் கலக்காமல், வடிகட்டாமல் புட்டியில் அடைக்கப்படுவதால், அதன் வலிமை ஆண்டுக்கு ஆண்டு மாறினாலும் பெரும்பாலும் 62 சதவீதத்துக்கும் 65 சதவீதத்துக்கும் இடையில் நிற்கிறது. சஸரக் 18 பதினெட்டு ஆண்டுகள் மரத்தோடு கிடந்து, பின்னர் நீர் சேர்க்கப்பட்டு 45 சதவீதத்துக்குக் கொண்டுவரப்படுகிறது. கென்டக்கியின் கோடை வெப்பத்தில் அத்தனை ஆண்டுகள் கிடக்கும் பீப்பாயில் பாதிக்கும் மேற்பட்ட விஸ்கி ஆவியாகிப் போய்விடும். அது அரிதாக இருப்பதற்கு இது ஒரு நேரடிக் காரணம். பழைய புட்டி எவருக்கேனும் கிடைத்தால் வெளியான ஆண்டையும் கவனிக்க வேண்டும். 1980களில் வடித்த விஸ்கியை, அது மேலும் மரத்தின் சுவையை ஏற்றுக்கொள்ளாதவாறு எஃகுத் தொட்டிகளுக்கு மாற்றிவைத்து, 2015 வரை சிறிது சிறிதாக வெளியிட்டார்கள். 2016 முதல் வந்தது வேறு பீப்பாய்களின் விஸ்கி.

சஸரக் 18ஐ வாய் குறுகிய கோப்பையில் ஊற்றிக் கால் மணி நேரம் விட்டுவைத்து முகர்ந்தால், முதலில் பழைய மரப்பெட்டியின் மணமும், உலர்திராட்சையும், புகையிலையின் மெல்லிய இனிமையும் எழுகின்றன. நாவில் அது வழுவழுப்பாக இறங்குகிறது. ரையின் காரம் தனித்து நிற்காமல் துவர்ப்புக்குள் கரைந்துபோய், இலவங்கப்பட்டையின் சாயலாக மட்டும் பின்சுவையில் எஞ்சுகிறது. இது மிக அழகான விஸ்கி, ஐயமில்லை. ஆனால் அந்த அழகில் பெரும்பங்கு ஓக் மரத்துக்குரியது. கண்ணை மூடிக்கொண்டு அருந்தும் ஒருவர், இதை, மக்காச்சோளத்தை முதன்மையாகக் கொண்ட அமெரிக்க விஸ்கியான போர்பனில் நன்கு முதிர்ந்த ஒன்று என்று கருதிவிடக்கூடும்.

ஹேண்டியை அப்படிக் கருத வழியே இல்லை. எனினும் அதை ஊற்றியவுடன் அருந்துபவர்கள், காரத்தையும் காட்டத்தையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்கிறார்கள். காட்டம் என்பது ஆல்கஹாலின் வலிமையால் மூக்கிலும் தொண்டையிலும் ஏறுவது. காரம் என்பது தானியத்தின் சுவை. முன்னதைத் தணித்தால்தான் பின்னது தெரியும். 64 சதவீத வலிமையுள்ள 30 மில்லி ஹேண்டியில் ஏறத்தாழ 13 மில்லி நீர் சேர்த்தால், அது சஸரக் 18இன் வலிமைக்கு இறங்கிவிடும்; அந்த நிலையில்தான் இரண்டையும் நேர்மையாக ஒப்பிட முடியும். நீரை ஒரேயடியாக ஊற்றாமல், ஒரு கரண்டியால் சிறிது சிறிதாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் வாயைச் சற்றே திறந்தபடி முகர்வது நல்லது. வடிகட்டாத விஸ்கியாதலால் நீர் பட்டதும் லேசாகக் கலங்கக்கூடும். அது குறையன்று, மணத்தையும் தடிப்பையும் தரும் கொழுப்புப் பொருள்கள் இன்னும் உள்ளே இருப்பதன் அடையாளம். நெடி அடங்கியதும் கிராம்பு, சோம்பு, புதினா, ஆரஞ்சுத் தோல் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துகொள்கின்றன. அத்தனை நீர் சேர்த்த பிறகும் காரம் குன்றாமல் நாவின் ஓரங்களில் நெடுநேரம் தங்குகிறது. மரம் இங்கே இனிப்பைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறது.

பெயருக்குரிய தாமஸ் ஹேண்டி, 1869இல் நியூ ஆர்லியன்ஸில் சஸரக் காபி ஹவுஸை வாங்கியவர். அந்த ஊரின் சஸரக் காக்டெயிலைச் செய்வதற்கு, இதே வடிசாலையின் 45 சதவீதச் சாதாரண சஸரக் ரையே போதும். இந்த இரண்டையும் சர்க்கரையோடும் கசப்புத் துளிகளோடும் கலப்பது எனக்கு மனம் ஒப்பாத செயல். மாறாக, அந்தச் சாதாரண ரையை முதலில் சுவைத்து, பிறகு சஸரக் 18, கடைசியில் ஹேண்டி என்ற வரிசையில் சென்றால் வயது செய்த வேலை தெளிவாகப் புலப்படும். ஹேண்டியை முன்னால் வைத்தால் நாக்கு மரத்து, 18இன் நுட்பங்கள் பிடிபடாமல் போகும்.

இரண்டும் உள்ள ஒரு மதுக்கூடத்தில் ஒரு கோப்பைக்கு மட்டுமே பணம் இருந்தால், நான் ஹேண்டியையே கேட்பேன். கூடவே, ஒரு சிறு குவளையில் குளிரூட்டாத நீரும் ஒரு கரண்டியும்.