வைஃபை கார்டு எரிந்துவிட்டது என்று சொல்லி 4,800 ரூபாய் பிடுங்கினார்கள்: லினக்ஸ் போட்டவர்கள் கவனிக்கவும்

தர்மபுரியில் ஒரு லேப்டாப் சர்வீஸ் கடையில் 4,800 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். கடைப் பெயரைப் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் என்ன சொல்லி வாங்கினார்கள் என்பதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். இதே வார்த்தைகளை நாளைக்கு உங்களிடமும் சொல்வார்கள்.

நான் பாலக்கோட்டில் வீட்டிலிருந்தே ஆன்லைன் விண்ணப்பங்கள் போட்டுக் கொடுக்கிறேன், தமிழ் டைப்பிங்கும் உண்டு. லேப்டாப் பழசு. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு இலவச ஆதரவு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 இதில் ஏறாது. செட்டிகரை அரசு பொறியியல் கல்லூரியில் படிக்கும் என் நாத்தனார் மகன்தான் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மிண்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டுக் கொடுத்தான். போட்டதும் லேப்டாப் நன்றாகவே வேகமெடுத்தது. அவன் இன்டர்ன்ஷிப்புக்கு பெங்களூர் பஸ் ஏறிய பிறகுதான் பார்த்தேன், வைஃபையே காட்டவில்லை. வைஃபை கார்டு என்று ஒன்று உள்ளே இருப்பதாகவே லினக்ஸுக்குத் தெரியவில்லை. கையில் கடைசி தேதி நெருங்கிய விண்ணப்பங்கள். அதனால் தர்மபுரிக்கு எடுத்துப் போனேன்.

கடையில் நல்ல மரியாதை. உட்கார நாற்காலி, குடிக்கத் தண்ணீர். "பாலக்கோடாக்கா? எங்க பெரியம்மாவைக் கொடுத்தது மாரண்டஹள்ளிதான்" என்று ஆரம்பித்தார் அந்தத் தம்பி. எந்தத் தெரு, யார் வீடு என்றெல்லாம் விசாரித்தார். லேப்டாப்பைத் திறந்து கறுப்புத் திரையில் ஏதோ தட்டிவிட்டு, முகத்தைச் சுருக்கிக்கொண்டு சொன்னார்: "நெட்வொர்க் கார்டு போயிடுச்சுக்கா. லினக்ஸ் போட்டா சில கார்டு ஷார்ட் ஆயிடும். நல்லவேளை, போர்டுக்குப் போறதுக்குள்ள கொண்டு வந்துட்டீங்க." நம்மூர்க்காரர், உறவுமுறை சொல்லிப் பேசுகிறவர், இவர் ஏன் பொய் சொல்லப்போகிறார்? விட்டுவிட்டு வரச் சொன்னார், விட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் வைஃபை வேலை செய்தது. பில் என்று ஒரு வெள்ளைச் சீட்டு கொடுத்தார். புது கார்டு 2,600, லினக்ஸ் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) லைசென்ஸ் 1,400, சர்வீஸ் 800. மொத்தம் 4,800 ரூபாய். கடை முத்திரை இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. போனில்தான் பணம் அனுப்பினேன், அதனால் அந்தப் பதிவாவது என்னிடம் இருக்கிறது.

கொஞ்ச நாளில் லினக்ஸ் ஒரு அப்டேட் கேட்டது. போட்டு ரீஸ்டார்ட் செய்ததும் வைஃபை மறுபடி காணோம். அங்கிருந்து ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில் "மாஸ்டர் சேலம் போயிருக்கார்". அப்புறம் "வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புங்க". அனுப்பினேன். பார்த்ததற்கான நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. நேரில் போய் நின்றால், நாற்காலி போட்ட அதே தம்பி தலை நிமிராமலே பேசினார்: "ஹார்டுவேருக்குத்தான்க்கா வாரண்டி, இது சாஃப்ட்வேர்." சரி, சாஃப்ட்வேரையாவது சரி செய்து கொடுங்கள் என்றேன். "லைசென்ஸ் முடிஞ்சிருக்கும், ரினியூவல் பண்ணணும், இன்னொரு 1,400 ஆகும்" என்றார். 4,800 ரூபாய் வாங்கிய ஈரம்கூடக் காயவில்லை, அதற்குள் இன்னொரு 1,400!

சனிக்கிழமை நாத்தனார் மகன் வந்தான். டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் அந்தக் கறுப்புத் திரையில், எல்எஸ்பிசிஐ (lspci) என்ற கட்டளையைப் போட்டான். மதர்போர்டின் பிசிஐ இணைப்பில் என்னென்ன கார்டு இருக்கிறது என்று அது பட்டியல் காட்டும். அதில் பிராட்காம் பிசிஎம்43142 என்ற வைஃபை கார்டின் பெயர் தெளிவாக வந்தது. "அத்தை, பேர் வருதுன்னா கார்டு உயிரோடதான் இருக்கு. அதை ஓட்டுற டிரைவர்தான் இல்லை" என்றான். இந்தக் கார்டுக்கான டிரைவரை பிராட்காம் முழுதாகத் திறந்த மூலமாக, யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளும்படி, கொடுக்கவில்லை. அதனால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு சேர்ந்து வராது, தனியாகப் போட வேண்டும். அதற்கு ஒரு பைசா கிடையாது. மிண்டில் டிரைவர் மேனேஜர் என்றே ஒன்று இருக்கிறது, அதில் தேர்வு செய்து ரீஸ்டார்ட் செய்தால் போதும். டிரைவரை இறக்கவே நெட் வேண்டுமே என்றால், போனை யுஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங் போட்டால் நெட் வந்துவிடுகிறது. அப்படித்தான் அவன் செய்தான். ஒரு டீ ஆறுவதற்குள் வைஃபை வந்துவிட்டது.

கடைக்காரர் செய்திருந்தது என்னவென்றால், அதே இலவச டிரைவரை அன்றைக்கு இருந்த கெர்னலுக்கு மட்டும் பொருந்தும்படி கம்பைல் பண்ணி வைத்திருக்கிறார். அப்டேட்டில் கெர்னல் மாறியதும் அது நின்றுவிட்டது. லைசென்ஸ் என்று எதுவும் இல்லை, காலாவதி என்று எதுவும் இல்லை. ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் போடுவதால் கார்டு ஷார்ட் ஆகவும் ஆகாது.

சரி, புதுக் கார்டு? அதுதான் வயிற்றெரிச்சல். எங்கள் வீட்டு ரவுட்டரில், கேபிள் நெட் போட்டவர் எங்கள் போன், லேப்டாப் எல்லாவற்றின் மேக் முகவரியையும் பதிந்து, வேறு எதுவும் சேராதபடி வைத்திருக்கிறார். மேக் முகவரி என்பது கார்டின் அடையாள எண், ஒவ்வொரு கார்டுக்கும் தனி. கார்டை மாற்றியிருந்தால் லேப்டாப் வீட்டு வைஃபையில் சேர்ந்திருக்கவே முடியாது. சேர்ந்ததே! ரவுட்டரில் பதிந்திருந்த முகவரியையும் லேப்டாப் காட்டிய முகவரியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஓர் எழுத்து மாறவில்லை. எரிந்துபோனதாகச் சொன்ன அதே கார்டுதான் இன்றைக்கும் உள்ளே இருக்கிறது. அதற்குத்தான் 2,600 கொடுத்திருக்கிறேன்.

ஸ்கிரீன்ஷாட்டோடு கடைக்குப் போனோம். "நீங்க வீட்ல என்னத்தை மாத்தினீங்களோ, எங்களுக்கு எப்படித் தெரியும்" என்றார்கள். பழைய கார்டு எங்கே என்று கேட்டால், குப்பையில் போட்டுவிட்டார்களாம். பெரியம்மா வீட்டுக் கதையெல்லாம் இப்போது அவருக்கு ஞாபகமில்லை. 4,800 ரூபாய் எனக்குச் சும்மா வரவில்லை. ஒவ்வொரு விண்ணப்பமாக உட்கார்ந்து தட்டிச் சேர்த்த காசு.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையான விஷயத்துக்கு அங்கே மனுக் கட்டணம் இல்லை.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் கை ஓடவில்லை. அவசரமாகச் சிலது மட்டும். கடைக்குப் போகும் முன் எல்எஸ்பிசிஐ போட்டு, வருவதைப் போட்டோ எடுத்து வையுங்கள். யுஎஸ்பியில் செருகும் வைஃபை என்றால் எல்எஸ்யுஎஸ்பி (lsusb) என்று போட வேண்டும். மேக் முகவரியைக் குறித்து வையுங்கள். கார்டை மாற்றினால் பழையதைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். லினக்ஸ் வைஃபை டிரைவருக்கு லைசென்ஸ் காசு என்று யாராவது சொன்னால் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். டிரைவர் போட்டும் வரவில்லை என்றால் லேப்டாப் ஆன் ஆகும்போது திறக்கும் பயாஸ் அமைப்புகளில் செக்யூர் பூட் (அங்கீகாரம் இல்லாத மென்பொருளைத் தடுக்கும் பாதுகாப்பு) ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள், அதுவும் தடுக்கும். வெள்ளைச் சீட்டு பில்லை வாங்கவே வாங்காதீர்கள்.

தர்மபுரி, பாலக்கோடு பக்கம் இதே மாதிரி 'லைசென்ஸ்' காசு கொடுத்தவர்கள் இருந்தால் பில்லை எடுத்து வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லுங்கள். சேர்ந்தே மனு போடலாம்.