ஆறுபுள்ளி வண்டும் வெடிவண்டும்

இரண்டும் தரைவண்டுக் குடும்பம்தான், ஆனால் தேட வேண்டிய இடம் வேறு. காய்ந்த முள்புதர்க் காடு என்றால் ஆறுபுள்ளி வண்டு. சுமார் 4 செ.மீ. நீளம், கன்னங்கரேல் உடம்பு. கழுத்துப் பக்கம் இரண்டு, முதுகில் நான்கு என வெள்ளைப் புள்ளிகள். பறக்காது, ஓட்டம்தான்.

வெடிவண்டுக்கு ஈரம் வேண்டும். குளக்கரைக் கல்லடியில் பாருங்கள். மஞ்சளும் கறுப்புமாக, சின்னதாக இருக்கும். சீண்டினால் வயிற்றில் சேர்த்து வைத்த ஹைட்ரோகுயினோன், ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற இரண்டு வேதிப்பொருள்களும் வயிற்றுக்குள்ளேயே அடுத்த அறைக்குப் போய், நொதிகளால் (வினையை வேகப்படுத்தும் பொருள்கள்) வினைபுரிந்து, கிட்டத்தட்ட 100 டிகிரி சூட்டில் 'பட்' என்று பீய்ச்சும். அது தானே வெந்துபோகாததுதான் ஆச்சரியம்!

ஆறுபுள்ளியும் சளைத்ததல்ல, ஃபார்மிக் அமிலம் தெளிக்கும். சூடு கிடையாது, கண்ணில் பட்டால் எரிச்சல் உண்டு. புதிதாகப் பூச்சி பார்க்கத் தொடங்குபவருக்கு என் சிபாரிசு ஆறுபுள்ளிதான், அடையாளம் தப்பாது. கையில் மட்டும் எடுக்காதீர்கள்.