தெருமுனை இயற்கை அங்காடி: எதற்குக் கூடுதல் விலை தரலாம்?

கோவை ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் தெருமுனை இயற்கை அங்காடிக்கு ஒரு வருடமாகப் போகிறேன். கீரைக் கட்டு 30 ரூபாய். உழவர் சந்தையில் 15. ஆனாலும் கீரை, கறிவேப்பிலை, கொத்தமல்லி மூன்றும் இங்கேதான். உரித்துப் போடத் தோல் இல்லாத இலை, அடித்த பூச்சிமருந்தில் கழுவியும் போகாத மிச்சம் சட்டிக்கு வந்துவிடும். இரண்டு வயதுப் பேத்திக்குத் தினமும் கீரை மசியல், அதில் கணக்குப் பார்க்க மனம் வரவில்லை. தேங்காய், வாழைப்பழம், வெங்காயம் எல்லாம் சந்தையிலேயே வாங்கிக்கொள்கிறேன்.

துவரம்பருப்புப் பாக்கெட்டில், இயற்கை விளைபொருள் என்று சான்று பெற்றதைக் காட்டும் 'ஜைவிக் பாரத்' முத்திரை இருக்கிறது, அதனால் வாங்குகிறேன். நாட்டுச் சர்க்கரையைச் சாக்கிலிருந்து அள்ளித் தருகிறார்கள். எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பதில் இல்லை. அப்புறம் அதை விட்டுவிட்டேன்.

செவ்வாய், வெள்ளி கீரை வரும். காலை 8 மணிக்குள் போய்விடுங்கள்.