காஷ்மீர் ஏரிகளுக்கு ஏழு நாள் மலைநடை: ஒரு வழிகாட்டிச் சேவையின் மதிப்பீடு

காஷ்மீரின் சோனமார்க்கில் தொடங்கி நாராநாக்கில் முடிகிற, ‘காஷ்மீர் கிரேட் லேக்ஸ்’ என்று மலையேறுபவர்கள் அழைக்கும் பாதையில், கடந்த ஆகஸ்ட் இறுதியில் பதினொரு பேர் கொண்ட குழுவுடன் நடந்து வந்தேன். சுமார் 70 கிலோமீட்டர் தூரம், மூன்று கணவாய்கள், கூடாரத்தில் ஆறு இரவுகள். எங்களை அழைத்துச் சென்றது ஸ்ரீநகரைச் சேர்ந்த ஒரு சிறு நிறுவனம். ஒரே ஒரு பயணத்தை வைத்து அதன் பெயரை உயர்த்தவோ தாழ்த்தவோ விரும்பாததால் பெயரைத் தவிர்த்துவிட்டு, இத்தகைய சேவைக்குப் பணம் கட்டுகிறவர் எதைப் பார்த்துக் கட்டவேண்டும் என்பதை மட்டும் எழுதுகிறேன். என் கணிப்பில் உணவு, கூடாரம் ஆகிய எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது, எந்த நாளில் எந்த உயரத்தில் உறங்க வைக்கிறார்கள் என்கிற நாள்திட்டம்தான்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் இதை இன்னும் கூர்ந்து பார்க்கவேண்டும். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர். சோனமார்க் ஊரே 2,730 மீட்டரில் இருக்கிறது. ஆக, நம் பக்கத்து மலைகள் அத்தனையிலும் ஏறிப் பழகியவருக்குக்கூட, நடை தொடங்குவதற்கு முந்தைய இரவே உடம்புக்குப் புதிதான உயரமாகிவிடுகிறது. அடுத்த முகாமான நிச்னாய் ஏறத்தாழ 3,500 மீட்டர். மூவாயிரம் மீட்டருக்கு மேலே சென்றபின், உறங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்றும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஓய்வு நாள் வேண்டும் என்றும் மலை மருத்துவத்தில் பரிந்துரைக்கிறார்கள். அந்த அளவுகோலோடு ஒப்பிட்டால் முதல் நாள் ஏற்றமே சற்றுக் கடுமையானது என்பது விளங்கும்.

நான் விசாரித்த நிறுவனங்களில் ஒன்று, நிச்னாயை அடுத்து வரும் விஷன்சர் ஏரிக்கரையில் தங்கும் ஓய்வு நாளை நீக்கிவிட்டு, அதனால் கட்டணம் குறைவு என்பதை ஒரு சலுகையாகவே சொன்னது. நான் தேர்ந்தெடுத்த நிறுவனம் அதற்கு நேர்மாறாக, சோனமார்க்கில் இரண்டு இரவுகள் தங்கவைத்து, இடையில் உள்ள பகலில் முன்னூறு மீட்டர் அளவுக்கு மேலே நடத்திக் கூட்டிச்சென்று திரும்பக் கொண்டுவந்தது. விஷன்சரில் ஒரு முழு நாள் ஓய்வும் திட்டத்தில் இருந்தது. இந்த இரண்டு நாட்களுக்காக நான் கூடுதலாகக் கொடுத்த பணத்தில் ஒரு ரூபாய்கூட வீணாகவில்லை.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதற்கு இந்தப் பாதையின் அமைப்பே காரணம். உயரத்தால் வரும் நோய்க்கு முதன்மையான மருந்து கீழே இறங்குவது. நிச்னாய் முகாமில் ஒருவருக்கு நோய் கண்டால் வந்த வழியே சோனமார்க்குக்கு இறங்கிவிடலாம். ஆனால் ஏறக்குறைய 4,080 மீட்டர் உயரமுள்ள நிச்னாய் கணவாயைத் தாண்டி, 3,710 மீட்டரில் உள்ள விஷன்சர் ஏரிக்கரைக்கு வந்துவிட்டால், திரும்புவதற்கே முதலில் அந்தக் கணவாயை மறுபடி ஏறவேண்டும். அங்கே ஓடும் தண்ணீர் வடக்கே கிஷன்கங்கை ஆற்றை நோக்கிப் போகிறது. தண்ணீர் போகும் திசையில் நமக்கு உடனடி உதவி எதுவும் கிடையாது. அடுத்துள்ள காட்சர் கணவாயோ சுமார் 4,190 மீட்டர், பாதையின் உச்சம். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் மூன்று பங்கு அளவுதான். அதையும் கடந்தபின் வந்த வழியே திரும்ப நினைப்பவர் இரண்டு கணவாய்களை ஏறியாகவேண்டும். எனவே ஒருவர் தொடரலாமா, கூடாதா என்கிற முடிவை நிச்னாயிலேயே தயக்கமின்றி எடுக்கக்கூடிய வழிகாட்டி வேண்டும்.

எங்கள் வழிகாட்டி அப்படிப்பட்டவராக இருந்தார். ஒவ்வொரு காலையும் மாலையும் இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டி அளவெடுத்தார். ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பாமல், தலைவலி உண்டா, இரவுச் சாப்பாடு இறங்கியதா, நேராக அடியெடுத்து வைக்க முடிகிறதா என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டறிந்தார். நிச்னாயில் எங்கள் குழுவைச் சேர்ந்த ஒருவருக்கு மாலையில் தொடங்கிய தலைவலி இரவில் வாந்தியாக மாறியது. காலையில் அவர் தெளிந்துவிட்டதாகச் சொல்லித் தொடர விரும்பியபோதும், வழிகாட்டி அமைதியாக மறுத்து, ஓர் உதவியாளரையும் குதிரை ஒன்றையும் துணைக்குக் கொடுத்துச் சோனமார்க்குக்கு அனுப்பிவைத்தார். அன்று மாலையே அந்த நண்பர் நலமாக இருக்கும் செய்தி குதிரைக்காரர் வழியாக எங்களுக்கு வந்து சேர்ந்தது. இந்த ஒரு முடிவுக்காகவே இச்சேவைக்கு உயர்ந்த மதிப்பெண் தருவேன்.

விஷன்சர் ஓய்வு நாள் உடலுக்கு மட்டும் நல்லதல்ல. விஷ்ணுவின் பெயரைத் தாங்கிய ஏரி கீழேயும், கிருஷ்ணனின் பெயரைத் தாங்கிய கிஷன்சர் சற்று மேலேயும் இருக்க, இரண்டுக்கும் இடைப்பட்ட புல்சரிவில் பக்கர்வால் இடையர்களின் ஆடுகள் பரவி மேய்ந்துகொண்டிருந்தன. அவசரமாகக் கடந்துபோகிறவர்கள் இந்த இடத்தை ஒரு படமாக எடுத்துக்கொண்டு போவார்கள். நாங்கள் காலையின் கரும்பச்சை நண்பகலில் நீலமாக மாறுவதை உட்கார்ந்து பார்த்தோம். காட்சர் ஏரியைச் சுற்றிப் பூக்கள் ஜூலையில் இன்னும் நிறைவாக இருக்கும் என்றார்கள். பீர்பஞ்சால் மலைத்தொடர் பருவமழையின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதால் ஜூலை, ஆகஸ்டில் இங்கே நடக்க முடிகிறது. எனினும் இரண்டு பிற்பகல்களில் இடியுடன் மழை பெய்ததால், மழையங்கி இல்லாமல் போகக்கூடாது.

எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு தொலைவில் இல்லை என்பதால் வழியில் ராணுவத்தினர் அடையாள அட்டைகளைச் சரிபார்த்தார்கள். நிறுவனம் முன்கூட்டியே பெயர்ப்பட்டியலை ஒழுங்காகக் கொடுத்திருந்ததால் எங்களுக்குத் தாமதம் ஏற்படவில்லை. பாதுகாப்பு நிலையைப் பொறுத்து அனுமதி மாறக்கூடிய பகுதி இது. பாதை மூடப்பட்டால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டபிறகே விமானச் சீட்டு எடுக்கவேண்டும்.

உணவைப் பற்றிக் குறையில்லை. சோறு, பருப்பு, ராஜ்மா, சூடான ரொட்டி, மாலையில் கஹ்வா என்னும் காஷ்மீரத் தேநீர். சைவம் உண்பவர்கள் கவலைப்படத் தேவையில்லை.

குறைகளையும் மறைக்காமல் சொல்லவேண்டும். கூடாரத்துக்கு இருவர் என்று ஒப்புக்கொண்டிருந்தும் மூன்று இரவுகள் மூவராகப் படுக்க நேர்ந்தது. வாடகைக்குக் கொடுத்த ஸ்லீப்பிங் பேக்குகளில் எனக்கு வந்ததன் ஜிப் பாதியில் நின்றுவிட்டது. நள்ளிரவில் குளிர் உறைநிலையை நெருங்கும் இடத்தில் இது சிறிய விஷயமல்ல. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் இயங்காது, போஸ்ட்பெய்டு வேண்டும் என்ற எளிய தகவலைக்கூட அவர்கள் சொல்லவில்லை. கொண்டுவரவேண்டிய பொருட்களின் பட்டியலில், ஓடைகளைக் கடப்பதற்கான செருப்பும், ஸத்சர் ஏரிகளுக்குப் பிறகு வரும் பெரும்பாறைப் பகுதியில் கைகளை ஊன்றிச் செல்ல உதவும் கையுறையும் விடுபட்டிருந்தன.

என்னை உண்மையிலேயே வருத்தியது வேறொன்று. விஷன்சரில் கழிப்பிடக் கூடாரத்துக்கான குழியை ஓடையிலிருந்து இருபது முப்பது அடி தூரத்தில் தோண்டியிருந்தார்கள். நீர்நிலைகளிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளியிருக்கவேண்டும் என்பது மலைநடையில் பரவலாக ஏற்கப்பட்ட விதி. அதே ஓடையில்தான் சமையலுக்கும் நீர் மொள்ளுகிறார்கள், ஆடுகளும் குடிக்கின்றன, அந்த நீர்தான் கீழே ஆறாகிறது. நாங்கள் எடுத்துச்சொன்னபின் மறுநாளே இடத்தை மாற்றினார்கள் என்றாலும், நாங்கள் சொல்லித்தான் மாற்றவேண்டியிருந்தது என்பது அந்த ஏரிகளை வைத்தே பிழைக்கும் நிறுவனத்துக்கு அழகல்ல.

கடைசி முகாம் 5,142 மீட்டர் உயரமுள்ள ஹர்முக் சிகரத்தின் அடியில், நந்த்கோல் ஏரிக்கரையில். பக்கத்திலேயே உள்ள கங்காபல், காஷ்மீரப் பண்டிதர்கள் முன்னோருக்கு நீர்க்கடன் செய்யும் புனித ஏரி. அங்கிருந்து நாராநாக்குக்கு ஒரே நாளில் ஏறத்தாழ 1,370 மீட்டர் இறங்கவேண்டும். ஏற்றத்துக்குப் பயிற்சி செய்து வந்திருந்த பலர் இந்த இறக்கத்தில்தான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இரண்டு ஊன்றுகோல்களும், வீட்டில் மாடிப்படி இறங்கிப் பழகிய சில வாரங்களும் எனக்குக் கைகொடுத்தன. நாராநாக்கில் காஷ்மீர மன்னன் லலிதாதித்தன் காலத்துடன் தொடர்புடைய எட்டாம் நூற்றாண்டுச் சிவாலயங்களின் கற்தொகுதி சாலையோரத்திலேயே நிற்கிறது. வண்டிகள் காத்திருக்கின்றன என்று கூறி எங்களுக்குப் பத்து நிமிடம்கூடத் தரவில்லை. திட்டத்தில் அரைமணி நேரம் ஒதுக்குவது அவர்களுக்குக் கடினமல்ல.

அடுத்த ஆண்டு என் தங்கை இதே பாதையில் போக விரும்புகிறாள். அதே நிறுவனத்துக்குத்தான் எழுதியிருக்கிறேன். கழிப்பிடக் குழி நீரிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி இருக்கும், ஒரு கூடாரத்தில் எத்தனை பேர் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் வந்தபிறகு அவளுடைய முன்பணத்தைக் கட்டுவேன்.