லீசு வீடு என்று வருகிறவர்கள்: குழந்தையின் சிகிச்சைக்காகச் சென்னை வந்திருப்பவர்கள் கவனத்துக்கு

சென்னையில் மாத வாடகைக்குப் பதிலாக மொத்தப் பணம் கொடுத்து லீசுக்கு வீடு தேடுகிறவர்கள், அதிலும் குழந்தையின் சிகிச்சைக்காக ஊரைவிட்டு வந்து தனியாக நிற்கிற அம்மாக்கள், அப்பாக்கள், பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். வீட்டுக்குச் சொந்தமே இல்லாத ஒரு நிறுவனம் 6 லட்ச ரூபாய் வாங்கிக்கொண்டு என்னையும் என் மகளையும் நடுத்தெருவுக்குக் கொண்டுவந்தது. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. வழக்கு நடக்கிறது. தவிர, போர்டை மாற்றி வேறு பேட்டையில் ஆபீஸ் திறப்பது இவர்களுக்கு ஒரு வாரத்து வேலை. பெயரைவிட இவர்கள் வேலை செய்கிற விதம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என் மகளுக்கு ஆறு வயதில் ரத்தப் புற்றுநோய் என்று சொன்னார்கள். குழந்தைகளுக்கு அதிகம் வருகிற வகை. முழுமையாகச் சிகிச்சை எடுத்தால் பெரும்பாலான குழந்தைகள் குணமாகிவிடுவார்கள் என்று மருத்துவர் முதல் நாளே தைரியம் சொன்னார். ஆனால் சிகிச்சை இரண்டு மூன்று வருடம் போகும். முதல் சில மாதங்கள் கீமோ, முதுகில் ஊசி, ரத்தம் ஏற்றுவது என்று மாறி மாறி வரும். கவுண்ட், அதாவது ரத்தத்தில் வெள்ளணுக்களின் எண்ணிக்கை, இறங்கிய நேரத்தில் காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். எங்கள் ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம். அங்கிருந்து அந்த ஓட்டம் ஓட முடியாது. அவள் அப்பா எங்களோடு இல்லை. ஆக, நானும் அவளும் மட்டும் சென்னையில் குடியிருந்தே ஆக வேண்டும்.

வீடும் எப்படி இருந்தாலும் சரி என்று விட முடியாது. பொதுக் கழிப்பறை கூடாது. பக்கத்தில் கட்டட வேலை நடக்கக் கூடாது. அந்தத் தூசியில் இருக்கிற பூஞ்சை நுரையீரலுக்குப் போனால் இந்தக் குழந்தைகளுக்கு உயிருக்கே ஆபத்து. சுவரில் ஓதம் இருக்கக் கூடாது. நல்ல தண்ணீர் வேண்டும். நடு ராத்திரியில் ஆட்டோ வந்து நிற்கிற தெருவாக இருக்க வேண்டும்.

இத்தனையும் பொருந்தி, என் கைக்கு எட்டும் வாடகையில் வீடு கிடைத்தாலும் அடுத்த கேள்வி வந்துவிடும். "வீட்டுக்காரர் என்னம்மா பண்றார்?" தனியாக இருக்கிறேன் என்றால் முகம் மாறும். அதையும் தாண்டிவிட்டால் குழந்தையின் தலையைப் பார்ப்பார்கள். முடி கொட்டிய தலை, முகத்தில் மாஸ்க். ஒரு வீட்டில் சாவியைக் கொடுக்கிற நேரத்தில் அந்த அம்மா என்னைத் தனியாக அழைத்து, "தப்பா நினைக்காதம்மா, எங்க வீட்டுல அடுத்த மாசம் பொண்ணுக்குக் கல்யாணம். ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சுன்னா..." என்று இழுத்தார். என் மகள் அந்த வாசற்படியில் உட்கார்ந்து, புது வீட்டில் தன் பொம்மையை எங்கே வைக்கலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இன்னொருவர் இந்த நோய் ஒட்டுமா என்று கேட்டார். ஒட்டாது. மற்றவர்களின் சாதாரணச் சளி இருமல்தான் என் குழந்தைக்கு ஆபத்து, அவளால் யாருக்கும் ஒன்றும் வராது. இதை எத்தனை வாசலில் சொல்லியிருப்பேனோ.

இப்படி அலைந்துகொண்டிருந்தபோதுதான் மருத்துவமனைக்கு வெளியே புரோக்கர் ஒருவர் அறிமுகமானார். "அக்கா, மாச வாடகைக்கு ஏன் கஷ்டப்படறீங்க? லீசுக்கு எடுத்துடுங்க. பாப்பாவைப் பத்தி யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டாங்க" என்றார்.

மாத வாடகை என்றால் மாதச் சம்பளம் வேண்டும். நோயாளிக் குழந்தையைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறவர் ஒழுங்காக வேலைக்குப் போக முடியாது. நான் தைத்துச் சம்பாதிக்கிறவள். மகள் வார்டில் இருக்கிற வாரங்களில் மெஷினைத் தொடக்கூட முடியாது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவைத் தாங்குகிறது, வாடகையை யாரும் தாங்குவதில்லை. லீசு என்றால் ஒரே தடவை மொத்தமாகக் கொடுத்துவிட்டு மாதம் ஒன்றும் தராமல் இருக்கலாம், காலி செய்யும்போது முழுப்பணமும் திரும்பி வரும். எங்களைப் போன்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று இந்த ஆட்களுக்கு நன்றாகத் தெரிகிறது. மருத்துவமனை வாசலில் வந்து நிற்பதே அதனால்தான்.

மேடவாக்கம் பக்கம் ஒரு வீடு காட்டினார்கள். முதல் மாடி, நல்ல வெளிச்சம், தனிக் கழிப்பறை. கண்ணாடிக் கதவு போட்ட ஆபீஸ், கணினி, சீருடை போட்ட பெண்கள். "நூற்றுக்கணக்கான வீடுகளை நாங்கள்தான் பராமரிக்கிறோம்" என்றார்கள். ஓனர் துபாயில் இருக்கிறார் என்று சொல்லி வாட்ஸ்அப்பில் ஒருவரிடம் பேசவும் வைத்தார்கள். "குழந்தையை நல்லா பாத்துக்கோங்கம்மா, வீட்டைப் பத்திக் கவலையே வேணாம்" என்றார் அவர். முத்திரைத்தாளில் 11 மாத ஒப்பந்தம் போட்டார்கள். ஊரில் இருந்த கால் ஏக்கரும் என் நகையும் 6 லட்சமாகி அந்த மேசைக்குப் போனது. 4 லட்சத்தை வங்கி வழியாகவும், மீதியை ரொக்கமாகவும் கேட்டார்கள். ரொக்கத்துக்கு ரசீது தந்தார்கள். மறுநாளே வேறொருவர் எடுத்துவிடுவார் என்ற அவசரம் வேறு.

சில மாதம் நிம்மதியாகத்தான் இருந்தோம். பிறகு ஒரு நாள் பெரியவர் ஒருவர் வந்து கதவைத் தட்டி, "ஏம்மா, மூணு மாசமா வாடகை வரலையே?" என்று கேட்டார். அவர்தான் வீட்டுச் சொந்தக்காரர். துபாய்க்காரர் இல்லை, நங்கநல்லூரில் இருக்கிற ஓய்வுபெற்ற அரசு ஊழியர். என் ஒப்பந்தத்தை நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, இரண்டு தடவை படித்தார். அவரிடமும் ஒரு ஒப்பந்தம் இருந்தது. அதில் மாதம் 11,000 ரூபாய் வாடகை, 33,000 அட்வான்ஸ். லீசு என்ற சொல்லே அதில் கிடையாது.

கணக்கு இதுதான். சொந்தக்காரரிடம் 33,000 அட்வான்ஸ் கொடுத்து வாடகைக்கு எடுக்கிறார்கள். அதே வீட்டை நம்மிடம் 6 லட்சத்துக்கு லீசு விடுகிறார்கள். நம் பணத்திலிருந்தே சில மாதம் அவருக்கு வாடகை போகிறது. அதனால் அவருக்கும் சந்தேகம் வருவதில்லை, நமக்கும் வருவதில்லை. புதிதாக ஆள் சேர்கிறவரை இது ஓடும். சேர்க்கை குறைந்ததும் வாடகையை நிறுத்திவிட்டு ஆபீஸைப் பூட்டிவிடுகிறார்கள். நான் போனபோது அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஏற்கெனவே ஒரு கூட்டம் நின்றுகொண்டிருந்தது.

பெரியவர் நல்ல மனிதர். அவர் மகனுக்குப் பொறுமை இல்லை. நாங்கள் காலி செய்ய வேண்டும் என்று ஒரு மாலையில் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். வெள்ளணு ஏறுவதற்கான ஊசி மருந்து ஃபிரிட்ஜில் இருந்தது. 2-இலிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து அது. கீழே இருக்கிற ஜூஸ் கடைத் தம்பி ஐஸ் கொடுத்தார். பிளாஸ்கில் ஐஸைப் போட்டு, மருந்து உறைந்துவிடக் கூடாது என்பதால் டப்பாவைத் துணியில் சுற்றி வைத்து, ராத்திரி முழுக்கத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் பெரியவரே வந்து கட்டையை மாட்டிவிட்டு, வேறு இடம் கிடைக்கும்வரை இருந்துகொள்ளச் சொன்னார். அவரும் ஏமாற்றப்பட்டவர்தான் என்பதை நான் மறக்கவில்லை. ஆனாலும் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள்: குடியிருப்பவரின் மின்சாரத்தையோ தண்ணீரையோ துண்டிக்கக் கூடாது என்று 2017-இல் இயற்றி 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டம் சொல்கிறது. அப்படிச் செய்தால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். காலி செய்ய வைப்பதையும் வாடகை நீதிமன்றத்தின் உத்தரவோடுதான் செய்ய வேண்டும்.

ஆனால் அதே சட்டத்தில் நம்மைக் கவிழ்க்கிற இடமும் இருக்கிறது. சொந்தக்காரரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் வாடகைக்கு எடுத்தவர் உள்வாடகைக்கு விட முடியாது. இந்த நிறுவனங்கள் நமக்குத் தருவது அந்த உள்வாடகைதான். சொந்தக்காரரைப் பொறுத்தவரை நாம் யாரோ. கையில் ஒப்பந்தம் இருந்தும் அந்த வீட்டில் எனக்கு நிலையான உரிமை இல்லாமல் போனது இதனால்தான்.

இனி வீடு பார்க்கிறவர்களுக்கு. லீசு என்று யார் சொன்னாலும், சொந்தக்காரரை நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வெளிநாட்டில் இருக்கிறார் என்றால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். சொந்தக்காரர் சார்பில் கையெழுத்துப் போட அதிகாரப் பத்திரம் (பவர்) இருக்கிறது என்று காட்டினால், அது பதிவு செய்யப்பட்டதா என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் பணம் கட்டாமலே பார்க்கலாம். அதில் உள்ள பெயர், சொத்துவரி ரசீதில் உள்ள பெயர், ஈபி கார்டில் உள்ள பெயர், கையெழுத்துப் போடுகிறவரின் ஆதாரில் உள்ள பெயர் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு வேறாக இருந்தால் ஏன் என்பதற்குக் காகிதம் காட்டச் சொல்லுங்கள். வாய்விளக்கம் போதாது. பக்கத்து வீட்டில், எதிர்க் கடையில், "இந்த வீட்டு ஓனர் யாரு?" என்று கேளுங்கள். அந்தத் தெருவில் யாருக்கும் துபாய்க்காரரைத் தெரியாது என்று பிறகு எனக்குச் சொன்னார்கள்.

11 மாதம் என்று போடுவது ஏன் தெரியுமா? ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் 11. வீட்டை ஈடாக வைக்கிற உண்மையான போக்கியம் என்றால், 100 ரூபாய்க்கும் அதற்கு மேலும் எந்தத் தொகையானாலும் பதிவு செய்த பத்திரம் வேண்டும் என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டமே சொல்கிறது. பல லட்சம் கொடுக்கிற உங்களுக்குப் பதிவு செய்து தர மறுக்கிறார்கள் என்றால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

எங்களோடு வார்டில் இருந்த இன்னொரு அம்மாவுக்கு நடந்தது வேறு மாதிரி. அவரிடம் லீசுப் பணம் வாங்கியது உண்மையான சொந்தக்காரர்தான். ஆனால் வீடு வங்கிக் கடனில் இருந்தது. தவணை கட்டாமல் விட்டு, வங்கி நோட்டீஸ் வந்த பிறகு லீசுக்கு விட்டிருக்கிறார். ஒரு நாள் கதவில் வங்கி கையகப்படுத்தும் அறிவிப்பு ஒட்டியிருந்தது. நோட்டீஸ் வந்த பிறகு வங்கியின் சம்மதம் இல்லாமல் வீட்டைக் குத்தகைக்கு விடக் கூடாது என்று வங்கிக் கடன் வசூலுக்கான 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் சொல்கிறது. அதனால் அந்த அம்மாவின் ஒப்பந்தத்தை வங்கி மதிக்கவில்லை. வில்லங்கச் சான்றில் அடமானம் என்றோ, உரிமைப் பத்திரங்கள் வங்கியில் ஒப்படைக்கப்பட்டன என்றோ பதிவு இருந்து, கடன் தீர்ந்த ரசீதுப் பதிவு இல்லையென்றால், அந்த வீடு வேண்டாம். எவ்வளவு அழகான வீடாக இருந்தாலும் வேண்டாம்.

முடிந்தால் லீசு பக்கமே போகாதீர்கள் என்பதுதான் என் கருத்து. வாடகை வீட்டில் அதிகபட்சம் போகிற பணம் அட்வான்ஸ் மட்டும்தான். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஆனால் பத்து மாதம் கேட்பவர்களே ஊரில் அதிகம், பேசித்தான் குறைக்க வேண்டும்.

வீடு தேடுவதற்கு முன்னால் மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் போய், "தங்க இடம் இல்லை" என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கும் குழந்தைகளையும் பெற்றோரையும் இலவசமாகத் தங்கவைக்கிற செயின்ட் ஜூட் இந்தியா மையங்கள் சென்னையிலும் வேலூரிலும் இருக்கின்றன. தனி அறை, சுத்தமான பொதுச் சமையலறை எல்லாம் உண்டு. நேராகப் போய்ச் சேர முடியாது, மருத்துவமனையின் பரிந்துரை வேண்டும். இடம் காலியாகும்வரை காத்திருக்க வேண்டியும் வரலாம். இப்படி ஒன்று இருப்பதையே வீடு போன பிறகுதான் பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்லி நான் அறிந்தேன். இதை மருத்துவமனைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம் என்று அடிக்கடி தோன்றும்.

ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டவர்களுக்கு: உள்ளூர்க் காவல் நிலையத்தில் "இது சிவில் மேட்டரம்மா" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். என்னையும் அனுப்பினார்கள். சொந்தமில்லாத வீட்டைத் தன்னுடையதுபோல் காட்டிப் பணம் வாங்குவது மோசடி, அது குற்றவியல் வழக்குத்தான். இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 318 மோசடிக்கும் 316 நம்பிக்கை மோசடிக்கும் உரிய பிரிவுகள். லட்சக்கணக்கில் போயிருந்தால் கமிஷனர் அலுவலகத்தில் மத்தியக் குற்றப்பிரிவுக்கு மனு கொடுக்கலாம். மேடவாக்கம், பள்ளிக்கரணைப் பக்கம் என்றால் தாம்பரம் கமிஷனரகம். நாங்கள் பாதிக்கப்பட்டவர்கள் பலர் சேர்ந்து போனோம், அதற்குப் பிறகுதான் எஃப்ஐஆர் போட்டார்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று நிற்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி கிடைக்கும். 15100 என்ற எண்ணுக்கு அழைத்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு வழி சொல்வார்கள். எனக்கு வக்கீல் கிடைத்தது அப்படித்தான். பணம் இன்னும் வரவில்லை.

மனு கொடுக்கப் போகும்போது ஒப்பந்தம், ரசீது, வங்கிக் கணக்கு விவரம், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மூல ஒப்பந்தத்தை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். "புதுசா போட்டுத் தரோம், பழசைக் கொடுங்க" என்று நிறுவனத்திலிருந்து ஆள் வருவார். எங்கள் கட்டடத்தில் இருவர் அப்படிக் கொடுத்துவிட்டு இன்று கையில் ஒன்றும் இல்லாமல் இருக்கிறார்கள். மனுவைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையத்தில் தருகிற சிஎஸ்ஆர் ரசீதை வாங்காமல் வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.