ஞாயிறு காலையில் மட்டும் பியூஸ் போன ஆம்ப்

பண்டாரவளையில் இருக்கும் நண்பனுக்குப் பழைய வால்வ் கிதார் ஆம்ப் ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம். கிதாரின் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி, உள்ளே வால்வ் என்ற கண்ணாடிக் குழாய்களில் வேலை செய்வது. "எடுக்கலாமா மச்சான்?" என்று கேட்டான். என்னிடம் இருப்பதும் அதே வகைதான்: 60களில் இங்கிலாந்தில் செய்தது, சத்தத்தை ஸ்பீக்கருக்குத் தள்ள இரண்டு ஈஎல்84 வால்வ், ஏசி மின்சாரத்தை டீசியாக்கும் ரெக்டிஃபயருக்கு ஒரு ஈஸெட்81 வால்வ். வாங்கி 9 வருடம் ஆகிறது.

அதில் 3 வருடம் அது என்னை ஒரே விதமாகப் படுத்தியது. சனிக்கிழமை மாலை சர்ச்சில் பாட்டுப் பழகும்போது ஒரு குறையும் இராது. மறுநாள் காலை ஆராதனைக்கு அதே பிளக்கில் போட்டால் பியூஸ் போய்விடும். ஹட்டனில் மே பிறந்தால் மழையும் மூடுபனியும்தான். எல்லாரும் ஈரம் என்றார்கள், நானும் நம்பினேன். போர்வை போர்த்தினேன், அடுப்படியில் வைத்துக் காயவைத்தேன். பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் 1 ஆம்பியர் பியூஸை எடுத்துவிட்டு 5 ஆம்பியர் போட்டு, "இனிப் போகாது" என்று தந்தார்கள். இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது. பியூஸ் போகாவிட்டால் டிரான்ஸ்போமர் போகும். அதற்கு மாற்று எங்கே போய்த் தேடுவது?

கடைசியில் துப்புக் கொடுத்தது நேரம்தான். சுவிட்சைப் போட்டவுடன் பியூஸ் போகவில்லை. வால்வுகள் சிவந்து, 15-20 வினாடி கழித்துத்தான் போனது. உடனே போனால் டிரான்ஸ்போமரையோ வயரையோ சந்தேகிக்கலாம். ரெக்டிஃபயர் சூடாகி உயர் வோல்டேஜ் வந்த பிறகு போனால், கோளாறு அந்தப் பக்கத்தில். ஒரு நாள் காலையில் 60 வாட் குண்டு பல்பை ஆம்புக்குப் போகும் மின்சாரத்தில் தொடராக இணைத்து, எல்லா வால்வையும் கழற்றிவிட்டுப் போட்டேன். ஆம்ப் அதிக கரண்ட் இழுத்தால் பல்பு பிரகாசமாக எரியும். பல்பு மங்கலாகவே இருந்தது. ஈஸெட்81ஐ மட்டும் செருகினேன். கொஞ்ச நேரம் மங்கல், அப்புறம் மெல்ல மெல்லப் பிரகாசமாகி, அடங்காமல் அப்படியே நின்றது. ரெக்டிஃபயரை அடுத்து மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கப்பாசிட்டர், தேக்கி வைக்காமல் கரண்டை ஒழுகவிடுகிறது.

சரி, அது ஏன் காலையில் மட்டும்? வீட்டு மின்சாரத்துக்கு ஏற்ப ஆம்பை மாற்றிக்கொள்ளப் பின்பக்கம் இருக்கும் கட்டை 200 வோல்ட்டில் நின்றது. மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கு எரியும், எங்கள் பக்கம் வோல்டேஜ் இறங்கிவிடும். அதற்காக முன்பு வைத்திருந்தவர் மாற்றியிருக்க வேண்டும். காலையில் முழு 230 வந்தால் உள்ளே எல்லாம் 15 சதவீதம் ஏறும். வால்வைச் சூடாக்கும், 6.3 வோல்ட் கேட்கும் ஹீட்டருக்கு 7.2 போகும். வயதான கப்பாசிட்டர் எப்படித் தாங்கும்?

புதுக் கப்பாசிட்டர் போட்டேன். பெரிதாக, 100 மைக்ரோஃபரட் போடச் சொன்னார்கள். கேட்கவில்லை, ஈஸெட்81க்கு 50தான் எல்லை. கட்டையை 230க்குத் திருப்பி, பழையபடி 1 ஆம்பியர் பியூஸ். 14 மாதமாக அதே பியூஸ்தான் கிடக்கிறது.

இப்போது ஞாயிறு காலையில் சுவிட்சைப் போட்டால் அரை நிமிடத்தில் ஸ்பீக்கரில் மெல்லிய இரைச்சல் எழும். தந்தியை மெதுவாகத் தொட்டால் மணி போல் கேட்கும், அழுத்தி அடித்தால் தொண்டை கட்டிய பாடகர் போல் கரகரக்கும். இந்தச் சத்தத்துக்கு ஈடாக வேறொன்றை நான் கேட்டதில்லை.

ஆனாலும் நண்பனிடம் "எடுக்காதே" என்றுதான் சொன்னேன். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே கப்பாசிட்டரில் 300 வோல்ட் நிற்கும். அவனோ அவசரக்காரன், வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். எடுத்தே தீருவான் என்றும் தெரியும். சுவிட்சில் கை வைப்பதற்கு முன், கட்டை எந்த எண்ணில் நிற்கிறது, என்ன பியூஸ் கிடக்கிறது என்று இரண்டு படம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.