டஸ்கீகீ ஏர்மென் சைட் போயிட்டு வந்தோம், அரை மணி நேரத்துல முடிக்கிற இடம் இல்லங்க

போன மாசம் பசங்கள கூட்டிட்டு அலபாமால இருக்குற டஸ்கீகீ ஏர்மென் நேஷனல் ஹிஸ்டாரிக் சைட் போனோம். அமெரிக்க ராணுவத்தோட முதல் கறுப்பின பைலட்டுகளத்தான் டஸ்கீகீ ஏர்மென்னு சொல்வாங்க. அட்லாண்டால இருந்து ஐ-85 பிடிச்சா எக்ஸிட் 38, ரெண்டு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல ஆகும், அலபாமா பார்டர் தாண்டினதும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னாடி போயிடும் அதனால அவசரப்படாம கிளம்பலாம். நேஷனல் பார்க் சர்வீஸ் நடத்துறது, டிக்கெட்டே கிடையாது. ஏதோ ஒரு ட்ராவல் சைட்ல அரை மணி நேரம் போதும்னு போட்டிருந்தத நம்பி அடுத்த ஊருக்கு பிளான் போட்டு வெச்சிருந்தேன், எல்லாம் மாறிப்போச்சு, மூணு மணி நேரம் உள்ளயே இருந்தோம்.

மோட்டன் ஃபீல்டுன்னு பேரு, ரெண்டாம் உலகப்போர் டைம்ல கறுப்பின பைலட்டுகள் முதல் கட்ட ட்ரெய்னிங் எடுத்த இடம். ரெண்டு ஹேங்கர் (விமானம் நிறுத்துற கொட்டகை) இருக்கு. முதல் ஹேங்கர்ல ஒரு ஸ்டியர்மேன் விமானம் நிக்குது பாருங்க, நீல உடம்பு, மஞ்சள் றெக்கை, ரெண்டு றெக்கைக்கும் நடுவுல கம்பி இழுத்து கட்டியிருக்கு, றெக்கை மேல தகரம் கூட இல்ல வெறும் துணி தான், மேல மூடியும் கிடையாது. இதுல தான் கத்துக்கிட்டாங்களான்னு சின்னவன் நாலு தடவ கேட்டான். ரெண்டாவது ஹேங்கர்ல வால் சிவப்பா பெயின்ட் அடிச்ச மஸ்டாங் போர் விமானம், அங்க தான் போர் கதையெல்லாம் வருது.

என்ன அங்க பிடிச்சு நிறுத்துனது இவங்க கமாண்டர் பெஞ்சமின் ஓ. டேவிஸ் ஜூனியர் கதை. ராணுவ அதிகாரிகள உருவாக்குற வெஸ்ட் பாயின்ட் அகாடமில படிச்ச நாலு வருஷமும் கூட படிச்ச பசங்க டியூட்டி விஷயம் தவிர அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசல, ரூம்மேட் கிடையாது, சாப்பாடும் தனியா, கறுப்பினத்தவர்ங்கற ஒரே காரணம். தானா ஓடிப்போயிடுவார்னு எதிர்பார்த்தாங்க. அவரு 1936ல 276 பேர்ல 35வது ஆளா பாஸ் பண்ணிட்டு வெளிய வந்தாரு. எனக்கு ஹாஸ்டல்ல ஒரு வாரம் ஒருத்தன் பேசலன்னாலே தூக்கம் வந்ததில்ல, நாலு வருஷம்னா நினைச்சுப் பாருங்க. டஸ்கீகீ முதல் பேட்ச்ல 13 பேர் சேர்ந்து 1942 மார்ச்ல 5 பேர் தான் பைலட் ஆனதுக்கான றெக்கை பேட்ஜ் வாங்கினாங்க, அதுல இவரும் ஒருத்தர். அடுத்த வருஷம் இவங்க ஸ்குவாட்ரனுக்கு (விமானப் படைப்பிரிவு) சண்டை போட தெரியலன்னு மேலிடத்துல ரிப்போர்ட் போனப்ப, வாஷிங்டன்ல கமிட்டி முன்னாடி நின்னு தன் ஆளுங்களுக்காக பேசுனதும் இவரு தான்.

ஒரு விஷயம், இவங்க காவலா போன பாம்பர் (குண்டு போடுற விமானம்) ஒண்ணு கூட விழலன்னு பல பேர் சொல்வாங்க. அமெரிக்க விமானப்படை ஹிஸ்டாரியனே பழைய ரெக்கார்டு பார்த்து 25க்கு மேல விழுந்திருக்குன்னு சொல்லிட்டாரு. மத்த குரூப்புகளோட சராசரிய விட அது ரொம்ப கம்மி, அந்த உண்மையே போதும், பசங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன்.

இந்த கதையெல்லாம் நமக்கு வந்து சேர்ந்ததுல அந்த வீரர்களுக்கும் பெரிய பங்கு இருக்கு. 1972ல டெட்ராய்ட்ல டஸ்கீகீ ஏர்மென் இன்கார்ப்பரேட்டட்னு சங்கம் ஆரம்பிச்சு, சிவப்பு கோட் போட்டுக்கிட்டு ஸ்கூல் ஸ்கூலா போய் பேசி, பசங்களுக்கு ஸ்காலர்ஷிப்பும் கொடுத்தாங்க. தங்களோட கமாண்டர மறக்க விடல. 1998ல அதிபர் கிளின்டன் டேவிஸுக்கு ஜெனரல் பதவிக்கான நாலாவது ஸ்டார் குத்தி விட்டப்ப அவருக்கு 85 வயசு. 2017ல வெஸ்ட் பாயின்ட்லயே ஒரு ஹாஸ்டல் கட்டடத்துக்கு அவர் பேர் வெச்சாங்க, யாரும் ரூம் ஷேர் பண்ணாத ஆளு பேர்ல இப்ப நூத்துக்கணக்கான கேடட்டுங்க ஒண்ணா தங்குறாங்க. இத வாசிச்சு சொன்னப்ப பெரியவன் கொஞ்ச நேரம் ஒண்ணுமே பேசல.

என் ரேட்டிங் 5க்கு 5. தொறந்திருக்குற நாள் நேரம் வெப்சைட்ல பார்த்துட்டு கிளம்புங்க. பக்கத்துலயே டஸ்கீகீ யுனிவர்சிட்டில விவசாய விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் பேர்ல மியூசியம் இருக்கு, அதுக்கும் நேரம் வெச்சுக்கோங்க, எங்களுக்கு தான் அன்னைக்கு முடியல.